புனையா ஓவியமும் புனைந்த ஓவியமும்: நார்த்தாமலை வட்டாரச் சுவரோவியங்கள் உணர்த்தும் வினைமுறை

ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் கோட்டையும் வண்ணத்தையும் இருவேறு மனநிலைகளின் விளைவுகளாகப் பிரித்துக் கூறும் வழக்கம் இந்நாளில் பெருகி வருகின்றது. அளந்து, நுணுகி, உறுப்பு உறுப்பாக வரைவது அறிவின் தொழில் என்றும், உள்ளம் ஈர்த்த வழியே வண்ணத்தை ஓடவிடுவது உணர்ச்சியின் தொழில் என்றும் அவர் கொள்வர். ஒரே கலைஞன் சில நாள் நுண்கோட்டு வரைவிலும், சில நாள் கட்டற்ற வண்ணத்திலும் ஈடுபடக் கண்டால், அவனுள்ளே இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகவே எண்ணி வியப்பர். இப்பகுப்பு நம் பழைய ஓவியர்க்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். இதற்குச் சங்கச் செய்யுட்களில் ஆளப்பெறும் சொற்கள் ஒரு சான்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலையிலும் அதன் அண்மையிலுள்ள சித்தன்னவாசலிலும் எஞ்சி நிற்கும் சுவர்கள் மற்றொரு சான்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார் இலர். தமிழ் கற்றவர் சொல்லோடு நின்று விடுகின்றனர். தொல்பொருள் கற்றவர் சுண்ணாம்போடு நின்று விடுகின்றனர்.

முதலில் சொல்லை நோக்குவோம். 'புனையா ஓவியம்' என்னும் தொடர் நெடுநல்வாடையில் வருகின்றது. பின்னர் மணிமேகலையும் இதனை ஆள்கின்றது. வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் வடிவம் என்னும் கருத்துப்பட நச்சினார்க்கினியர் இதற்கு உரை கண்டார். அவ்வுரையைப் பின்பற்றி நாமும் 'புனையா ஓவியம்' என்றால் 'முற்றுப்பெறாத ஓவியம்' என்று மாணவர்க்குச் சொல்லிச் சென்று விடுகின்றோம். நச்சினார்க்கினியர் அவ்வாறு கூறினாரல்லர். வண்ணமின்மை வேறு, முடிவின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது நம் காலத்துப் பழக்கமேயாகும்.

நெடுநல்வாடையின் அமைப்பைச் சற்றே கூர்ந்து பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். அப்பாட்டினுள் ஓவியம் ஓரிடத்தில் அன்று, மூன்றிடங்களில் வருகின்றது. அரண்மனையின் உள்ளில்லத்தைக் கூறுமிடத்து, செம்பினாற் செய்தாற்போன்ற நெடிய சுவரில் பல பூக்களையுடைய ஒரு கொடி வளைந்து செல்வதாக நக்கீரர் சொல்லுகின்றார். இது முதலாவது. கட்டிலின் மேலே கட்டிய மெழுகு பூசிய துணி விதானத்தில், மேடம் முதலாய இராசிகளிடையே இயங்கும் ஞாயிற்று மண்டிலமும், திங்களை விட்டு நீங்காத உரோகிணியும் எழுதப்பெற்றிருந்தன என்பார். இது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, முத்துவடம் நீக்கி, பொன்வளை கழன்ற கையில் சங்குவளை அணிந்து, பட்டுக்கு மாறாகப் பருத்தித் துகில் உடுத்து வீற்றிருக்கும் அரசியே புனையா ஓவியத்துக்கு உவமிக்கப்படுகின்றாள்.

சுவரிலே வண்ணம், விதானத்திலே வண்ணம், இடையே இருப்பவள் வெறுங்கோடு. புலவர் இதனை வரிசைப்படுத்திய நுட்பம் உய்த்துணரற்பாலது. மேலே எழுதிய உரோகிணியைக் கண்டு, பிரிவறியாத அவளை நினைந்து, அரசி நெடுமூச்செறிகின்றாள். புனைந்த ஓவியம் இன்பத்தைக் காட்டி நிற்ப, புனையா ஓவியம் துன்பத்தைத் தாங்கி நிற்கின்றது. அரசியின் வடிவம் குறைபட்டதாகப் புலவர் கருதியிருப்பின் இவ்வுவமை இழிவுவமையாக முடியும். அணியெல்லாம் நீங்கிய பின்னும் அவ்வடிவத்தின் உண்மை குன்றவில்லை என்பதே அவர் கருத்து. ஆதலின் கோட்டளவில் நிற்கும் ஓவியம் தன்னளவில் முழுமையுடையது என்று கருதும் சுவைஞர் சங்க காலத்திலேயே இருந்தனர் என்பது தேற்றம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில், திருப்பரங்குன்றத்து எழுத்து மண்டபத்தில் இவன் யார், இவள் யார் என்று வினவியும் விடுத்தும் நின்ற மக்களைக் காண்கின்றோம். அவர் கதையைச் சுவைத்தவர். நெடுநல்வாடையின் புலவரோ கோட்டைச் சுவைத்தவர்.

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என மதுரைக்காஞ்சி கூறும். காண்பார் கண்ணுள்ளே தம் வினையை நிலைநிறுத்துவோர் என்னும் பொருள்பட உரையாசிரியர் விளக்குவர். 'வட்டிகை', 'துகிலிகை' என்பன தூரிகைக்கு வழங்கிய பெயர்கள். நாடகக் கணிகையர் பயிலும் கலைகளுள் ஓவியமும் ஒன்று என்பதை மணிமேகலை தெரிவிக்கும்; அக்கலைக்கு நூல் இருந்தமையும் அதனாற் பெறப்படும். நூல் உண்டு எனின் அளவு உண்டு. அளவு உண்டு எனின் பயிற்சி உண்டு. ஆயினும் பயிற்சியை மட்டும் நம் புலவர் பாராட்டினாரல்லர். சீவக சிந்தாமணியில், யானையினின்று காக்கப்பெற்ற குணமாலையின் உருவைச் சீவகன் தன் நினைவிலிருந்தே எழுதுகின்றான். அவள் எதிரே இல்லை, அளப்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளத்தே நிறைந்து நின்ற வடிவம் கைவழியே இறங்குகின்றது. பயின்ற கையும் நிறைந்த உள்ளமும் ஒருங்கே வேண்டும் என்பதைத் திருத்தக்கதேவர் இதைக்காட்டிலும் தெளிவாக உணர்த்த இயலாது.

இனிச் சுவரை நோக்குவோம்.

நார்த்தாமலை திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியை ஒட்டியுள்ள குன்றுத் தொகுதி. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலாக ஒன்பது குன்றுகளை எண்ணிச் சொல்வர். 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பது பெயராராய்ச்சியாளர் பலர் உடன்பட்ட கருத்து. சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்னும் பெயருடன் வணிக நகரமாக இவ்வூர் விளங்கியதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. வணிகர் செல்வமும் முத்தரையர் ஆட்சியும் ஓரிடத்தில் கூடியதன் பயனை மேலமலையில் இன்றும் காணலாம்.

மேலமலையின் மேல், விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கி நிற்கின்றது. வட்டமான கருவறையைச் சதுரமான சுவர் சூழ்ந்து நிற்பது இதன் அருமை. விமானமும் அவ்வாறே கீழே சதுரமாக எழுந்து மேலே வட்டமாக முடிகின்றது. சுற்றிலும் சிறு கோயில்கள் ஆறு எஞ்சியுள்ளன. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். அவற்றுள் ஒன்று பழியிலி ஈச்சுரம். விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டில் குடைவித்தது. மற்றொன்று பதினெண்பூமி விண்ணகரம். ஒரே வடிவில் நிற்கும் பன்னிரு திருமால் உருவங்களை அதன் சுவரிற் காணலாம். அப்பன்னிருவரையும் வரிசையாகப் பார்ப்பவர்க்கு அளவு என்பது என்ன என்று விளங்கும். ஒரு கணக்கைப் பன்னிரு முறை பிழையின்றிப் போட்டாற் போன்ற வேலை அது. நுண்மை உண்டு, ஆனால் உயிர்ப்பு ஒரே அளவினதாக நின்று விடுகின்றது.

சோழீச்சுரத்தைக் கட்டியவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதிஅரையன் என்றும், மழையால் இடிந்த அக்கோயிலைப் புதுப்பித்தவன் மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதிஅரையன் என்றும் வாயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. கோயில் எழுந்த காலம் கி. பி. 9-ஆம் நூற்றாண்டு. இதன் அர்த்தமண்டபத்துள் ஓவியச் சிதைவுகள் உள்ளன. ஆடும் காளி, பைரவர், கந்தருவர் ஆகியோர் உருவங்களை ஆராய்ச்சியாளர் அடையாளம் கண்டுள்ளனர். இவற்றைச் சோழர் தொடக்கக் காலத்தன என்பார் ஒருசாரார்; மிகப் பிற்பட்டன என்பார் மற்றொருசாரார். காலம் எதுவாயினும், நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது அவை சிதைந்த முறையே. வண்ணப் பரப்பு உதிர்ந்த இடங்களில் கோடு நின்று விட்டது. ஒரு காலத்தில் புனைந்த ஓவியமாக இருந்தது, காலத்தின் கையால் மீண்டும் புனையா ஓவியம் ஆகியுள்ளது.

இத்தகைய நிலை நார்த்தாமலைக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்த பல்லவர் கால ஓவியங்களுள், சோமாஸ்கந்தர் உருவம் பெரும்பாலும் வண்ணமிழந்து வரைவாகவே நிற்கின்றது. அவ்வரைவில் தயக்கம் இல்லை. தோளிலிருந்து முழங்கை வரை இறங்கும் கோடு ஒரே மூச்சில் இறங்குகின்றது. அளந்து அளந்து வைத்த கோடு இவ்வாறு ஓடாது. இங்கேதான் நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை தொடங்குகின்றது.

சுவரோவியம் எழுதும் முறையை அறிந்தாலன்றி அவ்விடை முற்றுப்பெறாது. சித்தன்னவாசல், தஞ்சை ஆகிய இடங்களின் ஓவியப் பூச்சுக்களை வேதியியல் வழி ஆராய்ந்தவர் சு. பரமசிவன். அவர் முடிபின்படி சித்தன்னவாசலில் பாறையின் மேல் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் கனத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் அரை மில்லிமீட்டர் அளவில் நுண்ணிய சுண்ண மேற்பூச்சு இட்டுள்ளனர். பூச்சு உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டினர். தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உள்வழியிலுள்ள சோழர் ஓவியங்களோ ஈரச் சுண்ணத்தின் மேலேயே எழுதப்பெற்றவை என்பது அவர் கருத்து. இவ்விருமுறைகளையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு.

ஈரச்சுண்ண முறையில், சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிணித்துக்கொள்ளும். பசையே வேண்டுவதில்லை. ஆனால் சுண்ணம் இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஒருமுறை வைத்த கோட்டை அழித்தெழுத இயலாது. திருத்த வேண்டுமாயின் பூச்சையே கொத்தி எடுத்தல் வேண்டும். உலர்சுண்ண முறையில் இந்நெருக்கடி இல்லை. ஓவியன் மீண்டும் மீண்டும் வந்து நுணுக்கம் சேர்க்கலாம். எனினும் சுண்ணத்தின் காரத்தன்மை இரண்டிலும் உண்டு. ஆதலின் தழை, பூ முதலியவற்றிலிருந்து பெற்ற வண்ணங்கள் நில்லா. காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், பச்சை மண், நீலத்துக்கு இராசவருத்தக்கல், கருமைக்குக் கரி, வெண்மைக்குச் சுண்ணம் ஆகிய இவையே சித்தன்னவாசல் ஓவியனின் வண்ணப் பெட்டி. ஆறு நிறங்களுக்கு மேல் அவனிடம் இல்லை. வண்ணம் குறைந்த இடத்துக் கோடு மிகுதியும் பேச வேண்டியதாயிற்று.

கோடு இருமுறை வருகின்றது என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். பூச்சின் மேல் முதலில் மெல்லிய வரைவு ஒன்று எழுதுவர். அதன் எல்லைக்குள் வண்ணம் நிரப்புவர். வண்ணம் வரைவை மறைத்து விடும். ஆதலால் இறுதியில் கருங்கோடோ செங்கோடோ மீண்டும் எழுதி உருவத்தை வெளிக்கொணர்வர். முதற்கோடு வேலையைத் தொடங்கி வைப்பது. இறுதிக்கோடு அதனை முடித்து வைப்பது. இடையில் நிகழும் வண்ணத் தொழில் நீண்டது, பொறுமை வேண்டுவது, துணைவர் பலர் கூடிச் செய்தற்கும் உரியது. கோடோ ஒருவன் கையினது, விரைந்தது. அறிவின் தொழில் கோடு, உணர்ச்சியின் தொழில் வண்ணம் என்ற பகுப்பு இவ்விடத்தே தலைகீழாகி விடுவதைக் காண்கின்றோம்.

இதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. இத்தாலி நாட்டுப் பீசா நகரத்தில் காம்போசாந்தோ என்னும் இடுகாட்டு மண்டபத்தின் சுவரோவியங்கள் 1944-இல் போர்த்தீயிற் சிதைந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு ஓவியப் பூச்சைச் சுவரினின்று உரித்தெடுத்தபோது, அடியிலிருந்த சாந்தின் மேல் செம்மண்ணால் எழுதிய முதல்வரைவுகள் வெளிப்பட்டன. அச்செம்மண் கருங்கடற் கரையிலுள்ள சினோப்பு என்னும் ஊரின் பெயரால் சினோப்பியா என வழங்கும். மேலே தீட்டிய ஓவியத்தைக்காட்டிலும் அடியிலுள்ள வரைவு துணிவும் விடுதலையும் மிக்கதாக இருந்தமை அறிஞர் பலரை வியக்கச் செய்தது. பிறர் கண்ணிற் படாது மறையப்போகும் கோடு என்பதனால் ஓவியன் அங்கே தன் உள்ளத்தோடு மட்டும் பேசினான் போலும். இத்தாலிய முறையும் நம் முறையும் ஒன்றினின்று ஒன்று தோன்றின என்பது இதன் கருத்தன்று. சுண்ணச் சுவரின் முன் நிற்பவன் எந்நாட்டவனாயினும் இதே நெருக்கடிக்கு ஆளாவான் என்க.

சித்தன்னவாசலை இனிச் சற்று விரிவாகக் காண்போம். குன்றின் மேற்குச் சரிவில் குடைந்த அறிவர் கோயில் சமணர் பள்ளி. குன்றின் மறுபுறத்தே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் துறவியர் கற்படுக்கைகள் பதினேழும், பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் இருத்தலின், இவ்விடம் கிறித்து பிறப்பதற்கு முன்பிருந்தே சமணர் உறைவிடமாக இருந்தது தெளிவு. குடைவரை ஓவியங்கள் 1920-ஐ ஒட்டி து. அ. கோபிநாத ராவ், ழுவோ துப்ராய் ஆகியோரால் அறிஞருலகுக்குத் தெரியவந்தன. அவை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்றே தொடக்கத்தில் பலரும் கொண்டனர். சித்திரகாரப்புலி என்னும் பட்டம் பூண்ட மன்னனுக்கு ஓவியம் ஒன்றை உரியதாக்க விழைந்த ஆர்வமும் அதற்கு ஒரு காரணம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தையும் எடுப்பித்த செய்தியை அங்குள்ள தமிழ்ச் செய்யுட் கல்வெட்டுத் தருகின்றது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆட்சி கி. பி. 815 முதல் 862 வரை என்பர். பின்னர் 1942-இல் சுவர்களைத் தூய்மை செய்தபோது பழைய பூச்சு ஒன்றும் அதன்மேற் புதிய பூச்சு ஒன்றும் இருப்பது வெளிப்பட்டது. ஆகவே இன்று நாம் வியந்து காணும் தாமரைக் குளமும் ஆடல் மகளிரும் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தன எனக் கொள்வதே பொருந்தும்.

விதானத்தில் எழுதிய தாமரைக் குளத்தை அண்ணாந்து நோக்குவார்க்கு முதலில் தோன்றுவது நெருக்கம். இலையும் மலரும் மொட்டும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. இடையிடையே மீன்களும் அன்னம் முதலாய நீர்ப்பறவைகளும் யானைகளும் எருமைகளும். பூக்கொய்யும் ஆடவர் மூவர். அவருள் ஒருவர் மேனி நிறத்தில் மற்றிருவரினும் வேறுபட்டவர். சமவசரணத்தைச் சூழ்ந்த அகழிப் பகுதியில் பவ்வியர் பூக்கொய்யும் காட்சி இது என்று அறிஞர் து. நா. இராமச்சந்திரன் விளக்கியுள்ளார். சமயப் பொருள் அதுவே. ஆனால் எழுதிய கை எவ்வாறு இயங்கியது என்பது வேறு வினா.

குளத்துக்கு இலக்கணம் இல்லை. ஆடலுக்கும் திருவுருவுக்கும் நூல்கள் அளவு கூறும். தாமரை இலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எந்நூலும் கூறாது. இங்கே ஓவியனுக்கு முழு விடுதலை. அவ்விடுதலையை அவன் எவ்வாறு பயன்படுத்தினான்? ஒவ்வொரு தண்டையும் ஒவ்வொரு இதழின் விளிம்பையும் தனித்தனியே நோக்கி எழுதியிருக்கின்றான். மலர்கள் சில விரிந்தும், சில பாதி அவிழ்ந்தும், சில பின்புறம் காட்டியும் நிற்கின்றன. புதுக்கோட்டை நாட்டு ஏந்தல்களையும் ஊருணிகளையும் கண்டு பழகிய எவர்க்கும் இவ்விலைகள் அயலானவையாகத் தோன்றா. கட்டற்ற இடத்தில் ஓவியன் நுணுகுகின்றான். உலர்சுண்ணம் அவனுக்கு வேண்டிய பொழுதையும் தந்தது.

தூண்களில் எழுதிய ஆடல் மகளிரிடத்தே நிலை மாறுகின்றது. ஒருத்தியின் இடக்கை யானைத் துதிக்கை போல் நீண்டு வளைந்து கிடக்க, வலக்கை அமர்த்தி நிற்கின்றது. கூத்தப்பெருமான் செப்புத் திருமேனிகளில் நாம் காணும் கைந்நிலையை ஒத்தது இது. இஃது ஆடல் நூல் வகுத்த நிலை. ஓவியன் மாற்றுவதற்கு உரிமையில்லை. ஆனால் அங்கேதான் அவன் கோடு மிகுந்த விடுதலையோடு ஓடுகின்றது. இடையின் வளைவும், நீண்ட கையின் ஓட்டமும், தலைக்கோலத்தின் சாய்வும் ஓரிரு வீச்சில் முடிந்து விடுகின்றன. உள்ளுறுப்புக்களுக்கு நுணுக்கமான நிழலீடு இல்லை. வண்ணம் பரந்து கிடக்கின்றது. உருவத்தை நிறுத்துவது புறக்கோடு ஒன்றே. அளவு முன்னரே முடிவாகி விட்டமையின் கை அதனைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. எண்ணாத கை விரைந்து செல்லும். நாட்டியம் பயின்ற பெண் அடவை எண்ணி எண்ணி ஆடுவதில்லை அல்லவா? ஓவியனும் அத்தகையவனே.

ஆகவே ஒரே கோயிலில், ஒரே பூச்சின் மேல், இருவகை வினைமுறைகளைக் காண்கின்றோம். நூல் விட்ட இடத்தில் கண் நுணுகுகின்றது. நூல் கட்டிய இடத்தில் கை பறக்கின்றது. இவ்விரண்டும் இரு வேறு ஓவியர் வேலையாகலாம் என ஐயுறுவார் உளர். அவ்வாறு கொள்ளினும் ஒரே பட்டறை, ஒரே பயிற்சி என்பதை மறுத்தல் அரிது. இதழின் விளிம்பிலும் விரலின் நுனியிலும் கோடு தடித்து மெலியும் முறை ஒன்றாகவே இருக்கின்றது. கருவறை விதானத்தில் வட்டமும் சதுரமும் அடுக்கி எழுதிய கம்பளக் கோலத்தை மூன்றாவதாக இவற்றோடு ஒப்பிடலாம். அங்கே அளவு மட்டுமே உண்டு. பதினெண்பூமி விண்ணகரத்துப் பன்னிரு திருமாலைப் போல, அதுவும் கணக்கின் அழகுடையதாய் நின்றுவிட்டது.

இம்முடிபுக்கு மாறாக ஒரு தடை எழுப்பலாம். விட்டுணுதருமோத்தரத்தின் சித்திர சூத்திரப் பகுதி, கோட்டை ஆசிரியர் போற்றுவர் என்றும், நிழலீட்டைத் தேர்ந்த சுவைஞர் போற்றுவர் என்றும், வண்ணச் செறிவைப் பொதுமக்கள் விரும்புவர் என்றும் வகைப்படுத்துகின்றது. இதனைக் கொண்டு, கோடு கற்றோர்க்குரிய அறிவுத் தொழில் என்று நிறுவ முயல்வர். ஆனால் அந்நூல் கூறுவது காண்பாரின் தரத்தைப் பற்றியதே. எழுதுவானின் மனநிலையைப் பற்றியதன்று. ஆசிரியர் கோட்டைப் போற்றுவதற்குக் காரணம், அதிலே மறைப்பதற்கு இடமில்லை என்பதாகலாம். வண்ணம் கையின் தடுமாற்றத்தை மூடும், கோடு மூடாது. தென்னாட்டு ஓவியத்துக்குத் தனி நூல்மரபு இருந்ததை மாமண்டூர்க் கல்வெட்டிலுள்ள தக்கிண சித்திரம் பற்றிய குறிப்பால் அறிகின்றோம். அந்நூல் நமக்குக் கிடைத்திலது. கிடைத்த சுவர்களை வடநூல் ஒன்றின் வாய்பாட்டால் மட்டும் அளப்பது முறையன்று.

தஞ்சை ஓவியங்கள் இவ்வாராய்ச்சியை மேலும் உறுதிப்படுத்துகின்றன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி, நாயக்கர் காலப் பூச்சின் அடியிலே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். முப்புரம் எரித்த பெருமான், சுந்தரர் வரலாறு, ஆடல் மகளிர் முதலிய காட்சிகள் ஈரச்சுண்ணத்தின் நெருக்கடியில் எழுந்தவை. ஈரம் புலர்வதற்குள் முடிக்க வேண்டிய வேலையில் தயங்குதற்கு நேரமில்லை. கற்றதெல்லாம் கைக்கு வந்திருத்தல் வேண்டும். முப்புராரியின் முகத்தில் சினமும் அருளும் ஒருங்கே தோன்றுவதைப் பலரும் பாராட்டியுள்ளனர். அவ்விரு மெய்ப்பாடுகளையும் சேர்த்துக் காட்டும் கண்ணும் புருவமும் சில கோடுகளே. நூற்றாண்டுக்கும் குறையாத இடையீட்டில் சித்தன்னவாசலின் உலர்சுண்ண அமைதியிலிருந்து தஞ்சையின் ஈரச்சுண்ண விரைவுக்குத் தமிழ்நாட்டு ஓவியம் வந்து சேர்ந்துள்ளது. முத்தரையர் நாடாகிய நார்த்தாமலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. அங்குள்ள காளியின் உருவம் எம்முறையில் எழுதப்பெற்றது என்பது முடிவு செய்யப்படுமாயின், அதன் காலம் பற்றிய வழக்கும் ஓரளவு தீரும்.

அதற்கு வேண்டுவது பெருஞ்செலவன்று. சோழீச்சுரத்து ஓவியத்தின் பூச்சு எத்தனை அடுக்கு, முதற்கோடும் இறுதிக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா விலகுகின்றனவா, கோடு தடித்து மெலியும் அளவு என்ன என்னும் மூன்றையும் குறித்துச் சித்தன்னவாசல் ஆடல் மகளிரோடு ஒப்பிட வேண்டும். முதற்கோடு விலகி இறுதிக்கோடு வேறிடத்தே அமையின், ஓவியன் எழுதும்போதே எண்ணத்தை மாற்றினான் என்பது பெறப்படும். அவ்விடமே அவன் உள்ளம் நமக்குப் புலப்படும் இடம். இலக்கிய மாணவர் இவ்வேலையைத் தொல்பொருளாருக்கு விட்டுவிடுதல் கூடாது. பாடவேறுபாடு நோக்கிப் பழகிய கண், கோட்டு வேறுபாட்டையும் எளிதிற் காணும். ஏட்டில் அடித்தெழுதிய எழுத்துக்கும் சுவரில் விலகியெழுதிய கோட்டுக்கும் தன்மையில் வேறுபாடு இல்லை.

இரு கோயில்களும் மேற்கு நோக்கியவை. ஆதலின் பிற்பகல் ஒளியே பார்வைக்கு உகந்தது. அறிவர் கோயிலின் முன்னே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் குடுமியான்மலைத் தூண்களைக் கொணர்ந்து எடுப்பித்த மண்டபம் மழையைத் தடுப்பதோடு ஒளியையும் சிறிது தடுக்கின்றது. அங்கே பொழுது சாய்வதற்கு முன்னரே நோக்கி முடித்தல் நன்று. மேலமலையில் அத்தடை இல்லை. வெயில் தாழத் தாழ அர்த்தமண்டபத்துள் ஒளி சாய்ந்து புகும். பூச்சின் மேடுபள்ளங்களைச் சாய்ந்த ஒளியே நன்கு காட்டும்.